மரக்காணம் உப்பும் எட்மன்டன் குமிழியும்

விழுப்புரம் மாவட்டத்தில் தண்ணீர் தானாக உறைந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மார்கழி விடியலில் இருபது டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலே திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பாதிப்பேர் மஃப்ளரைச் சுற்றிக்கொள்வார்கள். டீக்கடைக் கூட்டம் பெஞ்சை விட்டுவிட்டு பாய்லர் பக்கம் ஒதுங்கும். அந்த ஊருக்குத்தான் என் அக்கா மகள் கனடாவிலிருந்து வந்திருந்தாள். பத்து வயது. பெட்டியில் பாதி, துணிக்குப் பதில் ஊது குழல்கள், கம்பி வளையங்கள், பிளாஸ்டிக் புட்டிகள். வந்த மறுநாளே கேட்டாள்:

"மாமா, இங்க எப்போ மைனஸ் வரும்?"

"வராதுமா."

"ஜனவரிலகூடவா?"

"தை மாசம் முடிஞ்சா வெயில்தான் வரும்."

அவள் வீடு எட்மன்டனில். அங்கே ஜனவரியில் மைனஸ் இருபது என்பது செய்தியே இல்லை. பள்ளி விட்டு வந்ததும் வீட்டுப் பின்புறத்துப் பனியில் மண்டிபோட்டு சோப்புக் குமிழி ஊதி, அது கண்ணெதிரே பனிக்கட்டியாவதைப் பார்ப்பது அந்தத் தெருப் பிள்ளைகளின் விளையாட்டு. போனில் இருந்த வீடியோக்களை எனக்குப் போட்டுக் காட்டினாள். கரைசல் எப்படித் தயாரிப்பது என்று அவள் சொன்னது ரசப்பொடிக்கு அளவு சொல்வதைவிடக் கறாராக இருந்தது: வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், சர்க்கரை, கொஞ்சம் கிளிசரின். கலக்கும்போது நுரைக்க விடக்கூடாது. கலந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர வைக்க வேண்டும். காற்று இலைகூட அசைக்காத நேரமாகப் பார்த்து வெளியே போக வேண்டும்.

குமிழியை அங்கே ஆகாயத்தில் ஊதிவிட மாட்டார்களாம். காரணம் எளிது. நம் மூச்சு வெதுவெதுப்பானது, வெளியே கடுங்குளிர். உள்ளே இருக்கும் காற்று லேசானது என்பதால் குமிழி விறுவிறுவென்று மேலேறிக் கூரையைத் தாண்டிப் போய்விடும், உறைந்ததா உடைந்ததா என்றே தெரியாது. அதனால் குழலின் நுனியைப் பனித்தரைக்குப் பக்கத்தில் வைத்து, குமிழியை அங்கேயே உட்கார வைப்பார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து வெள்ளை ஏறத் தொடங்கும். சில நொடிகளில் குமிழியின் உடம்பெங்கும் இறகு இறகாகப் படிகங்கள் விரியும். சில படிகங்கள் பிடி விட்டு மிதந்து சுழன்று, போன இடத்தில் ஒட்டிக்கொண்டு அங்கிருந்தும் வளரும்.

ஏன் சுழல்கின்றன என்பதை 2019-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நீர் உறையும்போது வெப்பத்தை வெளியே விடும். உறைந்துகொண்டிருக்கும் விளிம்பு கொஞ்சம் சூடாகிறது; சூடான இடத்தில் பரப்பு இழுவிசை குறைகிறது; குளிர்ந்த இடம் அந்தப் பக்கத்துத் திரவத்தைத் தன்னிடம் இழுக்கிறது. அந்த ஓட்டத்தில்தான் பிஞ்சுப் படிகங்கள் பிய்ந்து மிதக்கின்றன. குளிர் எல்லாவற்றையும் அசையாமல் நிறுத்தும் என்று நினைப்போம். இங்கே உறைவதால்தான் ஓட்டமே வருகிறது. எனக்கு இதில் மிகப் பிடித்த சமாசாரம் இதுதான்.

இன்னொன்று. குளிர் மட்டும் போதாது, பனித்தரையும் வேண்டும். சுத்தமான மெல்லிய நீர்ப்படலம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே நிற்கக்கூடியது. ஏற்கெனவே பனிக்கட்டியாக இருக்கும் ஏதோ ஒன்றைத் தொட்டால்தான் அதற்கு வழி புரிகிறது. தயிருக்கு உறை ஊற்றுகிற கதைதான்.

இதையெல்லாம் பேசிக்கொண்டே ஒரு மார்கழிக் காலையில் திண்டிவனத்திலிருந்து கிழக்கே புறப்பட்டோம். ராத்திரி விழுப்புரத்தில் ரயில். அவள் அப்பாவைப் பெற்ற பாட்டி வீடு திருநெல்வேலியில். நடுவில் ஒரு முழுப் பகல் கையில் இருந்தது.

பிரம்மதேசம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். வயல் வரப்போரத்தில் காட்டாமணக்கு வேலி. இலைக்காம்பைப் பாதி ஒடித்து மெல்ல வளைத்தால், ஒடிந்த வாயில் பால் ஒரு சவ்வாக நிற்கும். அதில் உதட்டைக் குவித்து ஊதினால் குட்டிக் குட்டிக் குமிழிகள் கிளம்பும். சோப்பும் வேண்டாம், குழலும் வேண்டாம். வடதமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்த யாரும் இதைச் செய்யாமல் வளர்ந்திருக்க மாட்டார்கள். சட்டையில் பட்டால் கறை போகாது. வீட்டில் அடி விழுவது கறைக்குத்தான், விளையாட்டுக்கு இல்லை. இன்னொரு வழியும் உண்டு: அருகம்புல்லின் தண்டைச் சுருக்குப் போட்டு அந்தப் பாலில் தோய்த்து ஊதுவது. பால் வாயில் படக்கூடாது, நஞ்சு என்று எச்சரித்துக் கொடுத்தேன். கிளம்பிய குமிழிகள் நெல்லிக்காய் அளவுகூட இல்லை. எட்மன்டன்காரி சற்று நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "இதுல சர்க்கரை போட்டா பெருசா வருமா மாமா?" என்றாள். ஆராய்ச்சி மனம்!

கழுவெளிக்கு வந்தபோது பனி விலகவில்லை. பழவேற்காட்டுக்கு அடுத்து தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்பு என்று இதைச் சொல்வார்கள். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. மழை முடிந்த மாதம் என்பதால் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். தூரத்தில் ஊசிவால் வாத்துகள் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தன. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் ஏரிகள் இறுகும் காலத்தில் அவை இங்கே இறங்குகின்றன. குமிழி உறைகிற ஊர்களிலிருந்து தப்பித்து வந்தவை என்று சொன்னேன். "நானும்தான்" என்றாள்.

கரையில் நின்று ஊதினாள். இங்கேதான் நம் ஊர்ப் பனியின் அருமை தெரிந்தது. குமிழிக்கு மூன்று எமன்கள்: நீர் கீழே வடிந்து மேல்பகுதி மெலிவது, ஆவியாவது, தூசு. ஈரம் நிறைந்த காற்றில் ஆவியாதல் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. பனிக்காலைப் புல்வெளியில் புழுதியும் கிடையாது. கோடை வெயிலில் திண்டிவனம் மாடியில் பிறந்த கையோடு செத்துப்போகிற குமிழி, கழுவெளிக் கரையில் நிதானமாக நாணல் வரைக்கும் போய்வந்தது. கம்பி வளையத்தில் நின்ற ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தோம். பச்சையும் ஊதாவும் பட்டை பட்டையாகக் கீழே இறங்கின. மேலே வெள்ளி நிறம். பிறகு உச்சியில் ஒரு கறுப்பு வட்டம். அங்கே படலம் அவ்வளவு மெலிந்துவிட்டது. முன்புறம் பட்டுத் திரும்பும் ஒளியும் பின்புறம் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கறுப்பு தெரிந்தால் முடிவு பக்கத்தில் இருக்கிறது என்பது பொதுவான விதி. ஆனால் தெர்மாஸ் குடுவையை உருவாக்கிய ஜேம்ஸ் டூவர், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தன் கடைசிக் காலத்தை சோப்புப் படலங்களோடு கழித்தவர், ஒரு படலத்தை மூடிய கலத்துக்குள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் உடையாமல் காத்திருக்கிறார். ஹைட்ரஜனைத் திரவமாக்கிக் காட்டிய மனிதர், குளிரின் அடிமட்டம் வரை போய்வந்தபின் சோப்புக் குமிழியிடம் வந்து உட்கார்ந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

மரக்காணத்தில் உப்பளங்கள் வேலையற்றுக் கிடந்தன. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பாத்திகள், எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர். அதை இறைத்து, சேற்றை மிதித்துக் களம் கட்டி, உவர்நீர் பாய்ச்ச வேண்டும். பிறகு வெயிலின் வேலை. கடல்நீரின் அடர்த்தி பாமே அளவையில் மூன்று, மூன்றரை இருக்கும். அது ஏறி ஏறி இருபத்தைந்தைத் தொடும்போதுதான் உப்பு இறங்கும். முதலில் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு மிதக்கும். ஒவ்வொரு துணுக்கும் சின்னச் சதுரம். வாருபலகை பட்டால் உடைந்து அடியில் போய் அங்கே வளரும். அக்கா மகளின் வீடியோவில் சுழன்ற படிகங்களையும் கோடையில் நான் பார்த்த இந்த ஏட்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்தேன். அங்கே நீர் கட்டியாகிறது, சோப்பும் சர்க்கரையும் மிச்சத் திரவத்தில் ஒதுங்குகின்றன. இங்கே நீர் ஓடிப்போகிறது, உப்பு கட்டியாகிறது. வேலை நேர்எதிர்.

பெரிய உப்புக் குவியல் ஒன்று கீற்று மூடி நின்றது. அதைப் பார்த்ததும்தான் யோசனை வந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மீன் வண்டிகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் கொட்டகை ஒன்று. உமியும் சாக்கும் போர்த்திய ஐஸ் பார்கள். வாடிக்கையாளர் கூட்டம் காலையோடு முடிந்திருந்தது. அக்கா மகள் நேரே போய் ஒரு பாரின் மேல் குமிழி ஊதினாள். அரைக்கோளமாக அழகாக உட்கார்ந்தது, உறையவில்லை. உருகிக்கொண்டிருக்கிற பனிக்கட்டி பூஜ்ஜியத்திலேயே நிற்கும். சோப்பும் சர்க்கரையும் கலந்த நீருக்குப் பூஜ்ஜியம் போதாது. அவளுக்கே தெரிந்தது: "இது ஸீரோதான் மாமா. வேஸ்ட்."

"அண்ணே, கொஞ்சம் ஐஸ் உடைச்சுக் குடுங்க. உப்பு போடணும்."

"உப்பு போட்டா சீக்கிரம் கரைஞ்சிடும் தம்பி."

"கரையட்டும்ணே."

அவர் சிரித்தார். "ஐஸ்கிரீம் போடப் போறீங்களா?"

அதேதான். அந்தக் காலத்தில் மரப்பீப்பாயில் ஐஸும் உப்பும் போட்டுக் கைப்பிடி சுற்றி ஐஸ்கிரீம் செய்வார்கள். உப்பு பட்டதும் பனிக்கட்டி கட்டாயமாகக் கரையத் தொடங்குகிறது. கரைய வெப்பம் வேண்டும். வெளியிலிருந்து வருவதற்குள் தன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் கலவை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். சரியான விகிதத்தில் மைனஸ் 21 வரைக்கும் இறங்கும். ஐஸ்காரருக்கு இந்தக் கணக்கு வேறு வழியில் தெரிந்திருந்தது. ஃபேக்டரியில் தகர டின்களில் நல்ல தண்ணீரை ஊற்றி ஒரு பெரிய தொட்டியில் இறக்குவார்கள். தொட்டியில் இருப்பது உப்புத்தண்ணீர். அமோனியா இயந்திரம் அதைக் குளிர வைக்கும். டின்னுக்குள் இருப்பது கல்லாகும், வெளியே இருப்பது தண்ணீராகவே சுற்றிக்கொண்டிருக்கும். "உப்பு இல்லன்னா தொட்டியே ஒரே பாரா நின்னுடும்" என்றார். பக்கத்திலேயே மரக்காணம் உப்பு இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று நான் சொன்னதற்கு, "அங்க இருந்து வர்றவனுக்குத்தான் அத வாங்கிச் சாப்பிடவும் காசு பத்தல" என்று முடித்துக்கொண்டார். மழைக்காலத்தில் உப்பளத்து ஆட்கள் அவரிடம் மூட்டை தூக்க வருவார்களாம்.

பக்கத்து டீக்கடையில் ஓர் அலுமினியத் தட்டு வாங்கினோம். வாளியில் உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. கிளறி, தட்டை மேலே அழுத்தி வைத்தோம். கடற்கரைக் காற்றின் ஈரம் தட்டின்மேல் வெள்ளையாகப் பூக்கத் தொடங்கியது. அது உறைபனி. மரக்காணத்தில், பட்டப்பகலில், உள்ளங்கை அகலத்துக்கு உறைபனி. குமிழிக்கு வேண்டிய பிள்ளையார் சுழி அதுதான்.

கொட்டகைக்குள் காற்றுக்கு மறைவாக வாளியைத் தள்ளி வைத்து அவள் ஊதினாள். முதலில் வந்தவை தட்டைத் தொட்டதும் உடைந்தன. மீன் வண்டி ஓட்டுநர்கள் இருவர் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் "பாப்பா, மூச்ச உள்ள இழுக்காம ஊது" என்று ஆலோசனை சொன்னார். குழலை முதலில் தட்டில் தொட வைத்து, பிறகு மெல்ல ஊதியபோது ஒன்று நின்றது. அடியில் ஒரு வெள்ளை வளையம். அது ஏறியது. விளிம்பு சீராக இல்லை. பல் பல்லாக, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு. விரல் அகலத்துக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் நகரவே இல்லை. கீழே வெள்ளை, மேலே பச்சை ஊதாப் பட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன.

நின்றதற்கும் காரணம் அந்த வர்ஜீனியா ஆய்வில் உண்டு. அவர்களும் குமிழியைச் சுற்றிலும் குளிராக உள்ள அறையில் ஒரு தடவை, சாதாரண அறையில் குளிர்ந்த தளத்தின் மேல் ஒரு தடவை என்று வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது வகையில் வெப்பம் வெளியேற ஒரே வழி, குமிழியின் சுவர் வழியாகக் கீழே போவதுதான். சுவரோ முடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராத மெல்லிசு. உயரம் ஏற ஏற, கீழே போகிற வெப்பத்தைவிடச் சுற்றியுள்ள காற்று கொடுக்கிற வெப்பம் அதிகமாகிவிடுகிறது. அங்கே உறைதல் நிற்கும். ஆய்வகத்தில் நின்றது, எங்கள் கொட்டகையில் இன்னும் தாழ்வாக நின்றது. எட்மன்டன் பின்புறத்தில் குளிர் நாலாபக்கமும் இருப்பதால்தான் முழு உருண்டையும் வெள்ளையாகிறது. நாங்கள் குளிரைத் தட்டில் மட்டும்தான் கொண்டுவந்திருந்தோம்.

மேல்பாதி உடைந்தது. கீழே வளையம் கலையாமல், ஒழுங்கற்ற விளிம்போடு நின்றது. ஐஸ்காரர் விரலால் தொட்டுப் பார்த்தார். "இவ்ளோதானா?" என்றார். ஆனால் அடுத்ததற்கு அவரே தட்டைத் துடைத்துக் கொடுத்தார்.

மதியத்துக்கு மேல் திருவக்கரை. சங்கராபரணி ஆற்றங்கரைக் காட்டில் கல்லாகிப் போன மரங்கள் படுத்திருக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781-இல் இவற்றைப் பற்றிப் பதிவு செய்தார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காக்கும் தேசியக் கல்மரப் பூங்கா. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். மரநார் இருந்த இடத்தில் சிலிக்கா வந்து அமர்ந்து, வளையமும் கணுவும் அப்படியே கல்லாகியிருக்கின்றன. "இது எத்தனை மைனஸ்ல ஆச்சு?" என்றாள். மைனஸே இல்லை, நிலத்தடி நீரும் நேரமும்தான் என்றேன். அவளுக்கு அவ்வளவு நேரம் ஒப்பவில்லை. வக்ரகாளியம்மன் கோயில் வாசலில் பஞ்சுமிட்டாய் விற்றவரிடம் போய்விட்டாள். பௌர்ணமி இல்லாததால் கூட்டம் இல்லை.

விழுப்புரம் சந்திப்பில் ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரிகிறது: சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி. ஆகவே ராத்திரி பத்து மணிக்கும் நடைமேடை நடமாட்டத்தோடு இருக்கும். நெல்லை ரயில் வர நேரம் இருந்தது. எட்மன்டனில் அப்போது காலை ஒன்பதரை, சூரியன் எழுந்து சற்று நேரம்தான் ஆகியிருக்கும். அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள். அவர் தலையோடு காலாக மூடிக்கொண்டு பின்புறத்தில் நின்றார். மைனஸ் 22. மீசையில் வெண்மை. மகள் கட்டளைப்படி குழலை எடுத்து, பனிமேட்டின் மேல் ஒரு குமிழி உட்கார வைத்தார்.

போன் திரையில் சாய்ந்த வெயில். குமிழியின் அடியிலிருந்து வெள்ளை கிளம்பியது, படிகங்கள் பிய்ந்து சுழன்றன, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உச்சி வரை மூடிக்கொண்டது. பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி தலையை நீட்டிப் பார்த்து, "முட்டையா?" என்றார். சற்று நேரத்தில் உள்ளே இருந்த மூச்சும் குளிர்ந்து சுருங்க, ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கியது. உறைந்த குமிழி டப்பென்று வெடிப்பதில்லை. கசங்குகிறது.

"அப்பா, நாங்களும் பண்ணோம். உப்பு வச்சு!"

"உப்பா? இங்க ஐஸ் கரையறதுக்குல்ல ரோட்டுல உப்பு போடுறாங்க?"

"அதேதான்பா. கரையறதாலதான் கூலாகும்." பிறகு நான் சொன்னது அத்தனையையும் தான் கண்டுபிடித்த தோரணையில் அவருக்குச் சொன்னாள். அவர் கைவிரல் மரத்துப் போகிறது என்று கெஞ்சியும் விடவில்லை. கடைசியில் அவர் போன்தான் குளிரில் தன்னால் அணைந்தது.

"மாமா, தட்டுக்குச் சுத்தி உயரமா ஐஸ் அடுக்கினா? மேலயும் மூடி போட்டா?"

அது சரியான கேள்வி. எல்லாப் பக்கமும் குளிரைக் கொண்டுவந்துவிட்டால் வளையம் மேலே ஏறத்தானே வேண்டும். பெரிய அலுமினிய அண்டா வேண்டும், அதற்குள் இன்னொரு பாத்திரம், இடைவெளியில் ஐஸும் உப்பும். திருநெல்வேலி வீட்டில் இட்லி அண்டா இருக்கிறது. உப்புக்குப் பஞ்சமில்லை, பக்கத்திலேயே தூத்துக்குடி. ரயில் வருகிற அறிவிப்பு கேட்டபோது நான் அவள் பாட்டிக்கு போன் போட்டு, காலையில் ஐஸ் பார் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். "யாருக்குப்பா உடம்பு சரியில்ல?" என்று அவர் பதறினார்.